நான் ஒட்டிய பாலம்

அந்தப் படத்தில் கடல் சாம்பலும் நீலமுமாக இருந்தது. பாறையும் புல்லுமாகச் சின்னச் சின்னத் தீவுகள். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் பாலம், அங்கிருந்து இன்னொன்றுக்குப் பாலம் என்று ஒரே சாலை கடல்மேல் வளைந்து வளைந்து போனது. கடைசிப் பாலம் மட்டும் விறுவிறுவென்று மேலே ஏறி, உச்சியில் வெட்டிவிட்டாற்போல் நின்றது. அதற்கப்புறம் வானம்தான். ஒரு வெள்ளைக் கார் அந்த உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

அதை நான் முதலில் பார்த்தது சிவகாசியில், நான் வேலை செய்யும் காலண்டர் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில். ஆனி மாதம். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வெளியிட வேண்டும். அடுத்த வருஷத்துக் காலண்டர் படங்களை எல்லாம் மாதிரிக்கு ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிய பெரிய புத்தகம்தான் ஆல்பம். அன்றைக்குப் பூஜை போட்டு அதை ஏஜெண்டுகள் கையில் கொடுப்பார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் காட்டி ஆர்டர் பிடித்து வருவார்கள். அதனால் ஆனி முழுக்க எங்களுக்குப் படம் திருத்துகிற வேலை.

காலண்டர் என்பது ஒரு வருஷம் முழுக்க ஒரு வீட்டுச் சுவரில் தொங்கப்போவது. கண் விழித்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் அபசகுனம் எதுவும் இருக்கக்கூடாது. பட்ட மரம் இருந்தால் இலை வைக்க வேண்டும். ஒற்றைப் படகுக்குத் துணையாக இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். குதிரை ஓடினால் வீட்டுக்குள் வருவது போல ஓட வேண்டும். சூரியன் மறைகிற படம் ஆகாது. உதிக்கிற படம் என்று சொன்னால் அது கட்சிச் சின்னம் என்று இன்னொரு கட்சிக்காரர் முகத்தைச் சுளிப்பார். அதனால் எங்கள் வானத்தில் வெளிச்சம் இருக்கும், சூரியன் இருக்காது. ஆளில்லாத சாலையும் ஆகாது. ஒரு காரையாவது மாட்டுவண்டியையாவது அதில் ஏற்றிவிட வேண்டும். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இந்தச் சாத்திரங்களைக் கம்பெனியில்தான் படித்தேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. எந்தப் படம் திரும்பி வருகிறது, ஏன் வருகிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

நான் அங்கே சேர்ந்தது பதினெட்டு வயதில், கீழ்த்தளத்தில். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட அட்டையில் தேதித்தாள் கட்டை வைத்துப் பின் அடிக்கிற வேலை. பிறகு அச்சு மாதிரிகளை மாடிக்கும் கீழுக்குமாகத் தூக்கிப் போகிற வேலை. மாடியில் கம்ப்யூட்டர் வந்தபோது, தாளைக் கொடுத்துவிட்டு உடனே இறங்காமல் கதவோரம் நின்று பார்ப்பேன். அவர்கள் கை எங்கே போகிறது, என்ன அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு சீசன் நடுவில் அங்கே இருந்த பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். வேலை மலைபோலக் கிடந்தது. முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வோம். அவர் என்னைப் பார்த்து, "தெனமும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானம்மா இருக்க, ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எனக்குப் பேச வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வார்த்தை தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் எங்கேயோ தங்கிவிடும். கல்யாணவீட்டுக்குப் போனாலும் பாத்திரம் இருக்கிற பக்கமாகப் போய் நிற்பவள். அப்படிப்பட்ட எனக்கு அந்த நாற்காலி பெரிய காரியம். நீலத் துணி கிழிந்து பஞ்சு தெரியும். அறையில் ஏசி உண்டு. அது மெஷினுக்காகப் போட்டது, இருந்தாலும் காற்று எங்கள் மேலும் பட்டது. தெருவில் என்னை 'கம்ப்யூட்டர்ல இருக்காக' என்று சொல்வார்கள். வாழ்க்கையில் நானாகச் சம்பாதித்த மரியாதை என்றால் அது ஒன்றுதான். அது கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

அந்தத் தீவுச் சாலைப் படம் திரையில் இருந்தபோது அண்ணாச்சி ஒரு ஏஜெண்டோடு உள்ளே வந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், கம்பெனியில் பழைய ஆள், வாய் சும்மா இருக்காது. என் தோளுக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நம்ம கையில பெரிய ஆர்டரே ஆஸ்பத்திரி ஆர்டர்தான். இந்த ரோட்ட அங்கன கொண்டுபோய்க் காட்டுனா டாக்டர் என்னைய வெரட்டிருவாரு. ஏறுனவன் ஏறுனபடிக்கே மேல போயிட்டான்னுல்ல இருக்கு."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடல் நல்ல கடல் என்றார். பச்சையும் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என்னிடம், "ஏம்மா, இந்தப் பாலத்தக் கொண்டுபோய்க் கரையில சேத்துரு. காரு வேற தப்பான பக்கம் போகுது, மொத்தத்தையும் திருப்பிப் போட்டுரு" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஏஜெண்டும் நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

திருப்பிப் போடுவது ஒரு நிமிஷ வேலை. கண்ணாடியில் பார்ப்பதுபோல் படம் மாறிக்கொண்டது. கார் நம் ஊர்க் கார் மாதிரி இடது பக்கமாக ஏறியது. ஓரத்தில் ஒரு போர்டில் எழுத்து இடவலம் மாறி விழுந்தது, அதை அழித்தேன். பாலத்தை ஒட்டுவதற்குத்தான் இரண்டரை நாள் ஆனது. உச்சிக்கு அப்புறம் சாலை எப்படி இறங்கும் என்று தாளில் வரைந்து வரைந்து பார்த்தேன். தூண் வேண்டும். பழைய ராமேஸ்வரம் காலண்டர் ஒன்றின் படம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் பாம்பன் பாலத்துத் தூண்களில் ஆறு எடுத்து, நிறத்தில் நீலம் கூட்டிக் குளிரவைத்து, தூரம் போகப் போகச் சிறிதாக்கி நட்டேன். அலை தூணில் மோதுகிற இடத்தில் வெள்ளை நுரை வைத்தேன். சாலை போய்ச் சேர ஒரு தீவு செய்தேன். தீவு வெறுமையாக இருந்தது. அதனால் சாலை முடிகிற இடத்தில் சிவப்புக் கூரையோடு ஒரு சின்ன வீடு வைத்தேன். வீட்டை யாரும் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் கடலைத் தாண்டிப் போகிறவன் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போகட்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆடிப் பதினெட்டு அன்று ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துச் சூடம் காட்டினார்கள். ஏஜெண்டுகள் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார்கள். லாரி ஆபீஸ்காரர், டிரைவிங் ஸ்கூல்காரர், கட்டடச் சாமான் கடைக்காரர் எல்லோருக்கும் இது ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். அண்ணாச்சி பூரித்துப் போனார். படம் வரும்போது பாலம் பாதியில் நின்றது, நான்தான் பார்த்துச் சேர்க்கச் சொன்னேன், இல்லையென்றால் இதை யார் வாங்குவார்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நான் கதவோரம் நின்று கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. சேர்க்கச் சொன்னது அவர்தானே. ஆனாலும் அவர் என் பக்கம் ஒரு தடவை கையைக் காட்டியிருந்தால் அந்தக் கேசரி இன்னும் கொஞ்சம் இனித்திருக்கும்.

ஒரு காலண்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினேன். என் வீட்டுக்காரர் ஆனைக்குட்டம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறார். சாலையைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எந்த ஊரு ரோடு இது? ஒரு குழியக் காணோம்."

கடைசிப் பாலம் நான் போட்டது என்றேன்.

"அதான பாத்தேன். பாலத்தப் போட்டவ ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டிருக்கலாம்ல. எறக்கத்துல அந்த வீட்டுக்குள்ளல்ல போய் நிப்பான்."

அந்த வருஷம் முழுக்க, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எங்க வீட்டம்மா போட்ட பாலம் என்று அவர் சொல்லாமல் இருந்ததில்லை. எனக்குக் கூச்சமாக இருக்கும். அடுக்களைக்குள் போய்விடுவேன். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

சீசன் முடிந்து தை மாதத்தில் அண்ணாச்சியின் மகனுக்குக் கல்யாணம். பெண் சென்னையில் வளர்ந்து படித்தவர். வைகாசியில் இரண்டு பேரும் வெளிநாடு போய் வந்தார்கள். வந்த மறுவாரம் அந்தப் பெண் கம்பெனிக்கு வந்து பொறுப்பெடுத்துக்கொண்டார். எங்களுக்கு அவர் மேடம். தங்கமான குணம் இல்லை என்று சொல்ல முடியாது. வந்த அன்றே எல்லோர் பேரையும் கேட்டுத் தெரிந்துகொண்டார், பெண்களுக்குக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட வைத்தார். வேலையிலும் கெட்டி. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் காலையில் கையில் நம் தீவுச் சாலைக் காலண்டரோடு கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். பின்னாலேயே அவர் வீட்டுக்காரர், அண்ணாச்சி, அச்சுக்குப் பிளேட் எடுக்கிற ஆட்கள் என்று அறை நிறைந்துவிட்டது. தாங்கள் போய் வந்த நாடு நார்வே என்றும், இந்தச் சாலையிலேயே காரில் போனோம் என்றும் சொல்லி போனில் வீடியோவைப் போட்டார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன்.

காருக்குள்ளிருந்து எடுத்தது. மழைத்துளி விழுந்த கண்ணாடி. இரண்டு பக்கமும் கடல். தீவு, பாலம், தீவு, பாலம். பிறகு அந்தப் பாலம் வந்தது. கார் ஏறியது. கண்ணாடி முழுக்க வானம். உச்சிக்குப் போனது. அங்கிருந்து சாலை சாதாரணமாக வளைந்து இறங்கி, அடுத்த தீவுக்குப் போனது.

"பாருங்க, பாலம் எங்கயும் கட் ஆகல" என்றார் மேடம். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினார். "ஒரு எடத்துல நின்னு பாத்தா மட்டும் அப்படித் தெரியும். அந்த அதிசயத்தப் பாக்கத்தான் எங்கெங்கேயிருந்தோ வர்றாங்க. இங்க அத ஒட்டி வச்சிருக்கீங்க! படமே லெஃப்ட் ரைட்டா மாறிக் கிடக்கு, தூண் நம்ம பாம்பன் தூண். இந்த வீடு யாரோட வீடு?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கத்தக்கதுதான். எனக்கே ஒரு நொடி சிரிப்பு வந்தது. பிறகு அவர், யார் செய்தது இது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். போன ஆடியில் ஒவ்வொருவரிடமும் நான்தான் சேர்க்கச் சொன்னேன் என்று சொன்ன வாய். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து, மாட்டி, மருமகளைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாம் இந்தம்மா வேலைதான். நம்ம எங்கத்த ஒவ்வொண்ணாப் பாக்க முடியுது."

நீங்கள்தானே சொன்னீர்கள் என்று இரண்டே சொல். அது வரவில்லை. அந்த இரண்டு சொல்லை அன்றிரவிலிருந்து எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன், பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும். தனியாக இருக்கும்போது நன்றாக வருகிறது.

அண்ணாச்சி மேல் மட்டும் பழி போட்டால் அது நியாயம் ஆகாது. என் தப்பும் உண்டு. அதுதான் என்னை அதிகமாகச் சுடுகிறது. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் எல்லோரையும் வேனில் ராமேஸ்வரம் கூட்டிப்போனார்கள். பாம்பன் பாலம் நடுவில் உயர்ந்து இறங்கும். வேன் ஏறும்போது முன்னால் இருந்த பெண்கள் ரோட்டைக் காணோம், ரோட்டைக் காணோம் என்று கூவினார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே எதிரே சாலை இல்லை, வானம்தான் இருந்தது. ஒரு நிமிஷத்தில் உச்சிக்கு வந்தோம், சாலை கீழே கிடந்தது. எல்லோரும் சிரித்தோம். அதே பாலத்துத் தூணைத்தான் இரண்டரை நாள் உட்கார்ந்து வெட்டி வெட்டி ஒட்டினேன். அப்போது அந்த வேன் எனக்கு ஞாபகம் வரவில்லை. பார்த்த பாலத்தைவிட ஏஜெண்டு சொன்ன பேச்சு பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை நான் போனபோது என் நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். கோயம்புத்தூரில் இதற்கென்றே படித்தவளாம். கம்ப்யூட்டரும் புதிது. அண்ணாச்சி வராந்தாவில் நின்று, ஆல்பம் கட்டுவதற்குக் கீழே ஆள் பத்தவில்லை, நாலு நாளைக்குப் பார்த்துக்கொள் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் எத்தனை நாள் என்று கேட்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

கீழே முப்பது பெண்கள் இருப்பார்கள். என் வயதொத்தவள் ஒருத்தி, நான் சேர்ந்த காலத்திலிருந்து அதே இடத்தில் பின் அடிக்கிறவள், நான் வருவதைப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் கேட்கும்படி, "என்ன மதினி, பாலத்துலருந்து எறங்கிட்டீகளா?" என்றாள். ஒரே சிரிப்பு. இருபது வருஷமாக நான் மாடியில் இருந்ததற்கு அந்தச் சிரிப்பில் பாக்கி இருந்தது. ஏசிக் காற்றில் உட்கார்ந்துகொண்டு ஆத்திர அவசரத்துக்குக்கூடக் கீழே எட்டிப் பார்க்காதவள் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பார்க்காமல் இருந்தது திமிரால் இல்லை, கூச்சத்தால். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

சம்மணம் போட்டு உட்காரப் போனேன். முழங்கால் மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரியாக இறங்கினேன். சாயங்காலம் எழுந்திருக்கும்போது கால் என் கால் மாதிரி இல்லை. மூன்றாம் நாள், கேலி செய்த அவளேதான், நானும் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவேன், பஞ்சுப்பொதி மாதிரி ஒரு சாக்கை மடித்து என் பக்கம் காலால் தள்ளிவிட்டாள். நாலு நாள் முடிந்தது. நாற்பது நாள் முடிந்தது. தெருவில் கேட்பவர்களுக்கு என் வீட்டுக்காரர், மேலே ஏதோ மெஷின் மாற்றுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலண்டரைப் பற்றிய பேச்சை அவர் விட்டுவிட்டார்.

அந்த ஆடிக்கு வந்த ஆல்பத்தில் தீவுச் சாலை உள்ளபடியே இருந்தது. தீவுகள் இடவலம் மாறாமல், கார் வலது பக்கத்தில், பாலம் உச்சியில் முடிந்து வானத்தில். கீழே ஒரு வரி இங்கிலீஷில் போட்டிருந்தார்கள். நான்தான் அந்தப் பக்கத்தை ஆல்பத்தில் கோத்தேன். ஒத்துக்கொள்ள வேண்டும், படம் அப்படி இருக்கும்போதுதான் அழகு. நெஞ்சுக்குள் ஏதோ ஏறி நிற்கிற மாதிரி இருந்தது.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. சாமி படங்களுக்கு ஆர்டர், குழந்தை படங்களுக்கு ஆர்டர். அந்தப் பக்கத்துக்கு ஒன்றுமே இல்லை. ராமநாதபுரத்து ஏஜெண்டு ஒருநாள் வந்தார். அண்ணாச்சி கீழே லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜெண்டு அவரை அங்கேயே பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்காரவுக என்னையப் பாத்துக் கேக்காக. போன வருசம் கரை சேந்திருந்த பாலம் இந்த வருசம் இடிஞ்சு போச்சான்னு. நான் என்னன்னு சொல்லட்டும்? பழசப் போட்டுக் குடுங்க, இல்ல நான் வேற கம்பெனி ஆல்பத்தத் தூக்கிட்டுப் போறேன்."

பின் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டியபோது நான் ஒட்டிய படமும் மற்றப் பழைய படங்களும் போய்விட்டன, பாலம் பாதியில் நிற்கிற மூலப் படம் மட்டும்தான் இருந்தது. அச்சான காலண்டரை வைத்துப் பிரதி எடுத்தால் புள்ளி புள்ளியாக விழுகிறது. கோயம்புத்தூர்ப் பெண் தானே ஒட்டிப் பார்த்தாளாம். இரண்டு நாள் கழித்து என்னை மேலே வரச் சொன்னார்கள்.

படி ஏறும்போது என்னென்னவோ நினைத்தேன். பொய் சொல்லக்கூடாது. திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சேலையில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்குகளைத் தட்டிவிட்டுக்கொண்டு போனேன்.

அறையில் மேடம், அண்ணாச்சி, அந்தப் பெண். திரையில் அவள் ஒட்டிய பாலம், புண்ணில் பிளாஸ்திரி போட்டதுபோல் இருந்தது. மேடம் என்னை நிற்க வைத்து, "அக்கா, நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க, அவ செய்வா" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. இந்த வேலை என் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. அந்தப் பெண் பாவம், நான் இழுத்து இழுத்துச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அங்கும் இங்கும் அழுத்தினாள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு அண்ணாச்சி, நீயே உட்காரம்மா என்றார். அவள் எழுந்தாள்.

நாற்காலி புதிது. அவள் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தாள். உட்கார்ந்தால் என் கால் தரையில் எட்டவில்லை. பக்கத்தில் ஒரு பிடி இருந்தது, அழுத்தினால் இறங்கியிருக்கும். இன்னொருத்தி நாற்காலியை நான் ஏன் இறக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் மேடத்துக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். நான் மவுஸில் கையை வைக்காமல் இருந்தேன். அண்ணாச்சி, என்னம்மா, ஆரம்பி என்றார். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று எனக்குத் தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"நீங்க செய்யச் சொன்னீகன்னு சொல்லுங்க அண்ணாச்சி. அப்பத்தான் செய்வேன். போன தடவ யாரு சொன்னாகன்னு எல்லாருக்கும் மறந்து போச்சு."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அண்ணாச்சி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மருமகளின் குரல் வராந்தாவின் அந்தக் கோடியில் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரிம்மா. நான்தான் சொன்னேன். அப்பவும் நான்தான் சொன்னேன். போதுமா? செய்யி."

அவ்வளவுதான். இத்தனை மாதமாக நான் கேட்க நினைத்த சொல் கிடைத்துவிட்டது. கேட்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. அன்றைக்கு அறை நிறையச் சிரித்தவர்களில் ஒருவர்கூட இல்லை.

செய்தேன். முன்னால் இரண்டரை நாள் ஆன வேலை, கைக்குப் பழகியிருந்ததால் சாயங்காலத்துக்குள் முடிந்தது. ராமேஸ்வரம் படமும் இல்லாததால் தூண்களை அந்தச் சாலையின் மற்றப் பாலங்களிலிருந்தே எடுத்தேன். போன தடவையே அப்படிச் செய்திருக்கலாம். நுரை வைத்தேன். தீவு செய்தேன். சிவப்புக் கூரை வீட்டையும் வைத்தேன். ஏஜெண்டு அதைக் கேட்டிருந்தாராம். கடைசியில் கார் மிச்சமிருந்தது. அதைத் தப்பான பக்கத்தில் விடக்கூடாது, படத்தைத் திருப்பவும் மேடம் விடமாட்டார். காரை அழித்துவிட்டேன். ஆளில்லாத சாலை காலண்டருக்கு ஆகாது என்று அந்தக் கம்பெனியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. தெரிந்தேதான் அழித்தேன்.

மேடம் வந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். தேங்க்ஸ்க்கா, இனிமேல் அவள் பார்த்துக்கொள்வாள் என்றார். அண்ணாச்சியும் பார்த்தார். பாலம் கரை சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். யாருக்கும் கார் ஞாபகம் இல்லை. நாற்காலியிலிருந்து குதித்து இறங்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. லாரி ஆபீஸ் ஆர்டரும் வந்தது. மார்கழியில் அந்த அட்டைகள் கட்டுக்கட்டாகக் கீழே இறங்கின. எங்கள் வரிசைக்குத்தான் வந்தன. ஒவ்வொரு அட்டையாக எடுத்து, படத்துக்குக் கீழே தேதித்தாளை வைத்து, இரண்டு பின் அடிப்பேன். கடல், தீவு, பாலம், வீடு. கடல், தீவு, பாலம், வீடு. மதியத்துக்குள் கண் அதைப் பார்ப்பதை விட்டுவிடும்.

பக்கத்தில் இருந்த மதினி திடீரென்று ஓர் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"போன வருசம் இதுல ஒரு வெள்ளக் காரு ஏறிக்கிட்டு இருந்துச்சே மதினி. எங்க அது?"

நான் கையிலிருந்த அட்டையில் பின் அடித்தேன். அவள் விடவில்லை, என் முகத்தையே பார்த்தாள். மேலே உள்ளவர்கள் யாரும் கேட்காததை அவள் கேட்கிறாள். சாக்கில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"எறக்கிவிட்டுட்டாக" என்றேன்.

அவள் அட்டையை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நானும் எடுத்தேன்.